குறுங்குடல் நோய்: காப்பீடு போதவில்லை, வீட்டில் ஏற்றும் ஊட்டப் பைகளுக்கு உதவி எங்கே கேட்பது?

கேள்வி: பெரம்பூர் அண்ணன்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்காக இதை எழுதுகிறேன். அவனுக்கு வயது 38. செங்குன்றம் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக 26,000 ரூபாய் சம்பளத்தில் இருந்தான். சென்ற நவம்பரில் ஒரு நாள் இரவு வயிற்றுவலி தாங்காமல் துடித்தவனை, வாயுத் தொல்லை என்று நினைத்து விடியும் வரை வீட்டிலேயே வைத்திருந்தோம். காலையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது, சிறுகுடலுக்கு இரத்தம் கொண்டு செல்லும் முக்கியத் தமனியில் இரத்தக்கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. அன்று பிற்பகலே அறுவை சிகிச்சை செய்து, கருகிப்போன குடலை எல்லாம் எடுத்துவிட்டார்கள். பல மீட்டர் நீளம் இருக்க வேண்டிய சிறுகுடலில் அவனுக்கு மிஞ்சியிருப்பது 90 செ.மீ. மட்டும். அதன் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை ஒட்டியிருக்கிறார்கள். பெருங்குடலில் பாதிக்கு மேல் நன்றாக இருப்பதாக டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதியிருக்கிறது.

சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதில்லை. ஆகவே இரவு எட்டு மணிக்குத் தொடங்கிக் காலை எட்டு மணி வரை, மார்பில் பதித்திருக்கும் குழாய் வழியாக டி.பி.என். எனப்படும் சிரைவழி ஊட்டம் ஏற்ற வேண்டியிருக்கிறது. அது மூன்று அறைகள் கொண்ட பையாக வருகிறது. மேசையில் வைத்து மேல்பக்கத்திலிருந்து சுருட்டி அழுத்தினால் நடுத்தடுப்புகள் விடுபட்டு, சர்க்கரையும் புரதமும் கொழுப்பும் கலந்து பால் நிறமாகிவிடும். இதையெல்லாம் தம்பி மனைவிதான் செய்கிறார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் ஆயத்த ஆடை நிறுவனத்தில் 13,500 ரூபாய் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு ஏழு மணிக்கு வீடு திரும்பி, முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு உட்காருவார். பைகளை 25 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று பெட்டியில் போட்டிருப்பதால், வீட்டில் இருக்கும் ஒரே ஏ.சி. அறையைத் தம்பிக்கும் பைகளுக்கும் கொடுத்துவிட்டு, கத்திரி வெயில் முழுவதும் நாங்கள் கூடத்தில் படுத்தோம்.

ஒரு பையின் விலை எங்களுக்கு 3,400 ரூபாய் ஆகிறது. தினம் ஒன்று என்றால் மாதம் 1,02,000 ரூபாய். டிரெஸ்ஸிங் பொருட்களும் வயிற்றுப் பைகளும் இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளும் தனி. கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீடு ஆண்டுக்கு 3 லட்சம். முதல் அறுவை சிகிச்சைக்கு 9,40,000 ரூபாய் பில் வந்தது. காப்பீடு அங்கேயே தீர்ந்துபோனது. மீதியை அம்மாவின் நகைகளை விற்றும் என் பி.எஃப். பணத்தை எடுத்தும் கட்டினோம். ஏப்ரலில் பாலிசி புதுப்பிக்கப்பட்டு மறுபடி 3 லட்சம் வந்தது. ஜூனில் குழாயில் கிருமித் தொற்று ஏற்பட்டு எட்டு நாள் சேர்த்தபோது 1,46,000 ரூபாய் பில். அறை வாடகை 44,000, மருத்துவர் மற்றும் செவிலியர் கட்டணம் 30,000, மருந்து, நுகர்பொருள், பரிசோதனை எல்லாம் சேர்த்து 72,000 (இதில் எட்டு ஊட்டப் பைகளின் 27,200 அடக்கம்). காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 64,800 மட்டும். அறை வாடகை வரம்பு நாளுக்கு 3,000 ரூபாய் என்றும், நாங்கள் 5,500 ரூபாய் அறையில் இருந்ததால் விகிதாசாரப்படி குறைத்ததாகவும், ஊட்டப் பைகள் ‘உணவுச் சேர்மானம்’ என்பதால் தர இயலாது என்றும் கடிதம் அனுப்பினார்கள்.

அவன் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் என்பதால் இ.எஸ்.ஐ. கிடையாது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்கு மேல் என்பதால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் கிடைக்கவில்லை. ஏழையாகவும் இல்லாமல், சமாளிக்கும் நிலையிலும் இல்லாமல் நடுவில் நிற்கிறோம். கம்பெனியில் இப்போது சம்பளமில்லா விடுப்பில் வைத்திருக்கிறார்கள். அதுவும் எத்தனை மாதத்துக்கு என்று தெரியவில்லை. அரிய நோய்களுக்கு மத்திய அரசு 50 லட்சம் வரை தருவதாகப் படித்தேன். அது இதற்குக் கிடைக்குமா? வேறு எந்தக் கதவைத் தட்டலாம்? வெளிநாட்டில் இந்த நோய்க்கு டெடுகுளூட்டைடு என்று ஓர் ஊசி இருப்பதாகவும் சொல்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் வழி காட்டினால் நன்றியோடு இருப்போம்.


பதில் 1: ஓய்வுபெற்ற கிளெய்ம் அலுவலர்

ஐயா, உங்கள் கடிதத்தைப் படித்து மனம் கலங்கியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உடல்நலக் காப்பீட்டுக் கிளெய்ம்களைப் பரிசீலித்தவன் என்ற முறையில், ஜூன் மாதக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் உங்களுக்கு வர வேண்டிய பணம் வரவில்லை என்றே நினைக்கிறேன்.

வரம்பைத் தாண்டிய அறையில் தங்கினால் விகிதாசாரக் கழிவு உண்டு என்பது சரி. ஆனால் அந்தக் கழிவை மொத்த பில்லின் மீதும் போட முடியாது. மருந்து, நுகர்பொருள், உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றின் மீது விகிதாசாரக் கழிவு கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் வெளியிட்ட நெறிமுறையில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மருத்துவர் கட்டணம், செவிலியர் கட்டணம் போன்றவற்றின் மீதுதான் அது செல்லும். உங்கள் பாலிசி வாசகத்தை மனிதவளப் பிரிவிடம் கேட்டு வாங்கி, இந்த வரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இனி கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அறைக்கு எட்டு நாளுக்கு 24,000 தர வேண்டும். 30,000 ரூபாய்க் கட்டணத்தில் 3,000க்கு 5,500 என்ற விகிதப்படி ஏறத்தாழ 16,360. மருந்து, நுகர்பொருள், பரிசோதனை 72,000 முழுமையாக. ஆக மொத்தம் ஏறத்தாழ 1,12,360 ரூபாய். அவர்கள் ஊட்டப் பைகளை நீக்கிவிட்டு மிச்சமிருந்த 1,18,800 ரூபாயையும் ஒரே விகிதத்தால் பெருக்கியிருக்கிறார்கள். அதனால்தான் 64,800 என்று முழுத் தொகையாக வருகிறது. கையுறை போன்ற சில சில்லறைப் பொருட்களைக் கழித்தாலும் 40,000 ரூபாய்க்கு மேல் நியாயமாகக் கேட்கலாம்.

ஊட்டப் பைகளை ‘உணவுச் சேர்மானம்’ என்று ஒதுக்கியதும் தவறு. பொதுவான விலக்குகளின் பட்டியலில் பதினான்காவது குறியீடாக வரும் அந்த விலக்கு, மருத்துவர் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கக்கூடிய வைட்டமின், தாது, சத்துப் பொருட்களுக்கானது. மருத்துவமனையில் சேர்ந்திருக்கும்போது சிகிச்சையின் பகுதியாக மருத்துவர் எழுதிக் கொடுத்தவை அந்த விலக்கில் வராது என்ற விதிவிலக்கும் அதே வாக்கியத்தின் பின்பாதியில் இருக்கிறது. நிராகரிப்புக் கடிதங்களில் பெரும்பாலும் முன்பாதியைத்தான் எழுதுவார்கள். சிறுகுடல் செயலிழந்தவருக்குச் சிரை வழியாக ஏற்றுவது உணவுச் சேர்மானம் அல்ல, உயிர் காக்கும் சிகிச்சை என்று உங்கள் மருத்துவரிடம் ஒரு பக்கச் சான்று வாங்கி இணையுங்கள். அதில் ‘குடல் செயலிழப்பு’ என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். ‘சத்துக் குறைபாடு’ என்று மட்டும் எழுதிவிட்டால் கோப்பு மறுபடி அதே இடத்துக்குப் போய்விடும்.

முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். குழுக் காப்பீட்டில் உள்ளவர்களும் போகலாம். சென்னை அலுவலகம் தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் பாத்திமா அக்தர் கோர்ட் கட்டடத்தில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. வேட்டியோடு வந்து தம் கணக்கைத் தாமே எடுத்துச் சொல்லி வென்றவர்களை எதிர்த்தரப்பில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு செய்திகள். டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய செலவு என்று ஒரு பிரிவு உங்கள் பாலிசியில் இருக்கும். பல குழுக் காப்பீடுகளில் அது 60 நாள். ஜூன் சேர்க்கைக்குப் பின் அந்த நாட்களுக்குள் வீட்டில் ஏற்றிய பைகளுக்கு மருத்துவர் சீட்டும் ஒரிஜினல் பில்லும் இருந்தால் உடனே சமர்ப்பியுங்கள். அடுத்தது, வேலை போய்விட்டால் குழுக் காப்பீடும் அன்றே போய்விடும். அதற்கு முன்பே, அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பியுங்கள். நோயைக் காட்டி அவர்கள் பிரீமியத்தை உயர்த்தலாம், மறுக்கவும் கூடும். ஆனால் ஏற்றுக்கொண்டால், இதுவரை காத்திருந்த காலம் கணக்கில் சேரும். வெளியே போய்ப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்க நேரிடலாம்.


பெரம்பூர் அண்ணன்

ஐயா, மிக்க நன்றி. 64,800 என்ற எண் எப்படி வந்தது என்று இரண்டு மாதமாகக் காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டும் யாரும் சொல்லவில்லை. நீங்கள் சொன்ன அந்தப் பின்பாதி வாக்கியம் எங்கள் பாலிசியிலும் அப்படியே இருக்கிறது. பில்களை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.


பதில் 2: மருத்துவ சமூகப் பணியாளர்

சகோதரருக்கு வணக்கம். நான் அரசு மருத்துவமனைகளில் பணியாற்றியவள். உங்கள் கேள்வியில் உள்ள 50 லட்சம் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வீண் அலைச்சல் மிச்சமாகும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021இல் வந்தது. மறு ஆண்டு அதன் உதவித்தொகை 50 லட்சமாக உயர்த்தப்பட்டது. ஆனால் அது ஒரு பட்டியலில் உள்ள நோய்களுக்கு மட்டும் உரியது. பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் பிறவியிலேயே வரும் மரபணுக் கோளாறுகள். சிகிச்சையும் அறிவிக்கப்பட்ட உயர் மையங்களில்தான் நடக்க வேண்டும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை அவற்றில் ஒன்று. இரத்தக்கட்டியால் குடலை இழந்த 38 வயதுக்காரருக்கு அந்த வழி திறக்காது. எத்தனை பேரை ஒரு நோய் தாக்குகிறது என்பதும், அரசு அதை ‘அரிய நோய்’ என்று அறிவித்திருக்கிறதா என்பதும் வேறு வேறு. இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாததால் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் தவறான அலுவலகத்தில் காத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பட்டியலில் உள்ள நோய்களுக்காகத் தனிநபர் இறக்குமதி செய்யும் மருந்துகளுக்கு 2023 முதல் சுங்க வரி விலக்கு இருக்கிறது. அதுவும் இதே பட்டியலைத்தான் பார்க்கிறது. எனவே அந்த வெளிநாட்டு ஊசியை இப்போதைக்கு மனத்திலிருந்து இறக்கி வையுங்கள்.

இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். சிறுநீரக நோயாளிகளுக்கு வீட்டிலேயே வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் பைகளை, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். குடல் செயலிழந்தவருக்கு ஊட்டப் பையும் அப்படிப்பட்டதுதான். அதைக் கேட்டு ‘முதல்வரின் முகவரி’ என்ற அரசின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மனு கொடுங்கள். 1100 என்ற எண்ணிலும் பதியலாம். டயாலிசிஸ் பைகளை முன்னுதாரணமாக எழுதுங்கள். உடனே கிடைக்கும் என்று நான் நம்பிக்கை ஊட்டமாட்டேன். ஆனாலும் இப்படி ஒரு தேவை இருக்கிறது என்பது துறைக்குத் தெரிய வேண்டும்.

இப்போது நடக்கக்கூடியதைச் சொல்கிறேன். அரசு உதவிகளில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு: செலவழித்த பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள், செய்யப்போகும் சிகிச்சைக்கு, மருத்துவமனை கொடுக்கும் மதிப்பீட்டின் பேரில், மருத்துவமனையின் கணக்குக்கே அனுப்புவார்கள். பிரதமரின் தேசிய நிவாரண நிதி அப்படித்தான். அரசு மருத்துவமனைக்கும் அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைக்கும் செலவில் ஒரு பகுதியைத் தருவார்கள். விண்ணப்பத்தோடு மருத்துவச் சான்று, ஒரிஜினல் மதிப்பீடு, வருமானச் சான்று ஆகியவற்றை வைத்து, தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கி இணைப்பது வழக்கம். மத்திய சுகாதார அமைச்சகத்தின் ராஷ்டிரிய ஆரோக்கிய நிதியும் உயிருக்கு ஆபத்தான நோய்களுக்கு உதவுகிறது. ஆனால் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருப்பதற்கான ஆவணம் வேண்டும், சிகிச்சை அரசு மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும். தனியார் மருத்துவமனையின் கோப்பை மட்டும் கையில் வைத்திருக்கும் வரை இந்தக் கதவுகளில் பாதி திறக்காது.

ஆகையால் தம்பியை அரசு மருத்துவமனை ஒன்றில் பதிவு செய்யுங்கள். பெரம்பூரிலிருந்து ஸ்டான்லி பக்கம். அங்கே குடல் அறுவை சிகிச்சைக்கென்றே பெயர்பெற்ற துறை இருக்கிறது. சென்ட்ரல் எதிரில் உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இரைப்பை குடல் துறை உண்டு. காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் அங்கே சேர்ந்து சிகிச்சை பெறலாம். இந்த எளிய செய்தியே பலருக்குத் தெரிவதில்லை. அட்டை இல்லை என்பதால் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். முதல் முறை போகும்போது அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கண்டிப்பாக எடுத்துச் செல்லுங்கள். மீதமுள்ள குடலின் நீளமும், பெருங்குடல் எவ்வளவு இருக்கிறது என்பதும் அதில்தான் இருக்கும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டை முற்றிலும் கைவிட வேண்டாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் என்பது சிறிய தொகை அல்ல. தம்பியின் சம்பளம் நின்றுவிட்ட நிலையில் இன்றைய வருமானத்தைக் காட்டி இ-சேவை மூலம் புதிய வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கலாம். மனைவியின் சம்பளமும் சேர்க்கப்படும் என்பதால் இப்போதைக்கு வரம்பைத் தாண்டிவிடுகிறீர்கள் என்பது எனக்கும் புரிகிறது. அவருடைய வேலையில் மாற்றம் வந்தால் சான்றை எடுத்துக்கொண்டு இராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போங்கள். அட்டைக்காக அவரை வேலையை விடச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் செய்த குடும்பங்கள் பிறகு இரண்டும் இல்லாமல் தவித்ததைக் கண்டிருக்கிறேன்.


பதில் 3: குறுங்குடலோடு ஏழாம் ஆண்டு

அண்ணா, நானும் இதே நோயாளி. எனக்குக் குடல் முறுக்கிக்கொண்டு போனது, 75 செ.மீ. மிஞ்சியது. உங்கள் கேள்வியில் எல்லோரும் பணத்தைப் பார்க்கிறார்கள், நான் அந்த 90 செ.மீ. என்ற எண்ணையும் வேலையில்லாமல் உள்ளே கிடக்கும் பெருங்குடலையும் பார்த்தேன்.

சிறுகுடலின் முனை வெளியே திறந்திருக்கும்போது 100 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் சிரைவழி ஊட்டம் நிரந்தரமாகத் தேவைப்படும் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அதே முனையைப் பெருங்குடலோடு இணைத்துவிட்டால் அந்த எல்லை 60 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடுகிறது. பெருங்குடல் நீரையும் உப்பையும் இழுத்துக்கொள்ளும். செரிக்காமல் வரும் மாவுச்சத்தை நொதிக்க வைத்து அதிலிருந்தும் கொஞ்சம் சக்தியை எடுத்துத் தரும். தம்பியின் 90 இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கிறது. இணைப்பு அறுவை சிகிச்சை எப்போது செய்யலாம் என்பதுதான் நீங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. எனக்கு இணைத்த பிறகு வாரம் ஏழு பை என்பது நான்காகி, பிறகு இரண்டாகி, இரண்டாம் ஆண்டின் முடிவில் நின்றுவிட்டது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை; மீந்த குடல் பழகிக்கொள்ள ஓரிரு ஆண்டுகள் ஆகும். ஆனால் வாரத்துக்கு மூன்று பை குறைந்தாலே உங்களுக்கு மாதம் 40,000 ரூபாய்க்கு மேல் மிச்சம். அந்த அறுவை சிகிச்சை மருத்துவமனையில் சேர்ந்து செய்வது என்பதால் காப்பீட்டுக்குள்ளும் வரும், அரசு மருத்துவமனையிலும் செய்துகொள்ளலாம். வீட்டில் ஏற்றும் பைக்கு உதவி தேடுவதைவிட இதற்கு உதவி கிடைப்பது எளிது.

அதுவரை வயிற்றுப் பையில் வடிவதைக் குறைக்கப் பாருங்கள். உறவினர்கள் அன்போடு இளநீர் வாங்கி வருவார்கள்; எனக்கும் அப்படித்தான், வரிசையாகக் கட்டிலடியில் இருக்கும். இளநீரிலும் வெறும் தண்ணீரிலும் சோடியம் மிகக் குறைவு. குடிக்கக் குடிக்கக் குடல் தன் உப்பையும் நீரையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். தாகம் தீராமல் இன்னும் குடிக்கத் தோன்றும். எனக்கு உணவியல் நிபுணர் எழுதிக் கொடுத்தது இது: ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. சமையலறைக் கரண்டியால் அளக்காமல் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்றை வாங்கி அளந்தோம். நாள் முழுவதும் சிறிது சிறிதாக இதைத்தான் குடிக்க வேண்டும். உங்கள் மருத்துவரின் சம்மதம் வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். இரத்தத்தில் உப்பு அளவை அவர் பார்க்க வேண்டும். சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு எடுக்கும், வயிற்றுப்போக்கைக் குறைக்கும் மாத்திரையைப் பற்றியும் கேளுங்கள். அது விலை குறைந்த மருந்து. மக்கள் மருந்தகங்களில் இன்னும் குறைவாகக் கிடைக்கும்.

குழாய்த் தொற்று உங்களுக்கு ஒரு முறை வந்துவிட்டது. ஏற்றத் தொடங்கிய சிறிது நேரத்தில் உடல் தூக்கிப் போடும் குளிர் வந்தால், காய்ச்சல் மாத்திரை கொடுத்து விடியும் வரை காத்திருக்க வேண்டாம். உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தம்பி மனைவி முழங்கை வரை கழுவிக்கொண்டு உட்காருகிறார் என்று படித்தபோது என் தாயார் நினைவு வந்தது. அவர் கைக்கு வணக்கம் சொல்லுங்கள்.

இணையத்தில் நிதி திரட்டுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். செய்வதென்றால் இணைப்பு அறுவை சிகிச்சை என்ற ஒரே செலவைக் காட்டி, மருத்துவமனையின் மதிப்பீட்டை வைத்துச் செய்யுங்கள். மாதாமாதம் ஒரு லட்சம் என்று கேட்டால் முதல் மாதம் கொடுத்தவர்கள் மூன்றாம் மாதம் கொடுக்கமாட்டார்கள். அறக்கட்டளைகளும் மருத்துவமனையின் பெயரில் ஒருமுறை காசோலை தரத்தான் விரும்புகின்றன.


பதில் 4: அம்பத்தூர் எஸ்டேட்

ஐயா, மேலே எல்லோரும் எனக்குத் தெரியாத பலவற்றைச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தம்பி மனைவிக்கு 13,500 ரூபாய் சம்பளம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? சம்பளச் சீட்டில் 0.75 சதவீதம், அதாவது நூறு ரூபாய் அளவில் ஒரு பிடித்தம் இருக்கும்.

இ.எஸ்.ஐ. சட்டத்தில் குடும்பம் என்றால் யார் யார் என்று சொல்லும் இடத்தில் முதலில் வருவதே கணவன் அல்லது மனைவிதான். தம்பியின் சம்பளம் 21,000 ரூபாய்க்கு மேல் என்பது அவர் தம் பெயரில் சேர்வதற்குத்தான் தடை. மனைவியின் பெயரில் அவர் குடும்ப உறுப்பினராக வருவதற்கு அது தடையில்லை. எங்கள் யூனிட்டில் தையல் பிரிவில் இருக்கும் பெண்கள் பலர், ஆண்தான் குடும்பத்தைச் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக் கணவர் பெயரைக் கொடுக்காமலே விட்டிருந்தார்கள். நாங்கள்தான் உட்கார வைத்துச் சேர்த்தோம்.

இ.எஸ்.ஐ.யில் சிகிச்சைச் செலவுக்கு இத்தனை லட்சம் என்ற உச்சவரம்பு கிடையாது. அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே இல்லாத உயர் சிகிச்சைக்கு ஒப்பந்த மருத்துவமனைக்குப் பரிந்துரைத்து அனுப்புவார்கள். குடும்ப உறுப்பினருக்கு உயர் சிகிச்சை வேண்டுமென்றால் தொழிலாளி குறிப்பிட்ட காலம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. எத்தனை ஆண்டாக வேலை செய்கிறார் என்று பாருங்கள். வீட்டில் ஏற்றும் பைகளைத் தருவார்களா என்பது டிஸ்பென்சரி மருத்துவரிடமும் மருத்துவமனையிலும் எழுதிக் கேட்க வேண்டிய விஷயம். ஆனால் மேலே அந்தச் சகோதரர் சொன்ன இணைப்பு அறுவை சிகிச்சைக்கு இந்த வழி பொருந்தும்.


பெரம்பூர் அண்ணன்

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேற்று இரவு பையைக் கலந்து குழாயில் இணைத்து முடித்த பிறகு, தம்பி மனைவியிடம் சம்பளச் சீட்டைக் கேட்டேன். கைப்பையின் உள்பையில் நான்காக மடித்து வைத்திருந்தார். பிடித்தம் என்ற பத்தியில் இ.எஸ்.ஐ. 102 ரூபாய் என்று இருக்கிறது. ஐந்து ஆண்டாகக் கட்டி வருகிறார். அவருடைய அட்டையில் இருப்பது அவருடைய அம்மாவின் பெயர் மட்டும். திருமணத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது கொடுத்தது. ‘எனக்குக் காய்ச்சல் வந்தால் போகத்தான் இது என்று நினைத்திருந்தேன் மாமா’ என்று சொல்லிவிட்டு, ஒன்பது மாதமாக இது கையிலேயே இருந்ததே என்று அழுதார். இதில் தவறு அவருடையது அல்ல என்று சொன்னேன். சென்ற ஒன்பது மாதங்களில் எத்தனையோ மேசைகளில் அவர் சம்பளத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன வருமானம் என்று கேட்டவர்களில் ஒருவர்கூட என்ன பிடித்தம் என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அவர் அரை நாள் அனுமதி கேட்டிருக்கிறார். நானும் போகிறேன். திருமணச் சான்றிதழ், இருவர் ஆதார், தம்பியின் புகைப்படம் எடுத்து வைத்துவிட்டோம். தம்பியின் பெயர் ஏறியதும் அயனாவரம் போவதா, அல்லது அதற்கு முன்பே ஸ்டான்லியில் பதிவு செய்து அறுவை சிகிச்சை பற்றிக் கருத்துக் கேட்பதா என்று மட்டும் சமூகப் பணியாளர் அம்மா சொன்னால் நன்றாக இருக்கும். குறைதீர் அலுவலருக்கான கடிதம் இன்று பதிவுத் தபாலில் போய்விட்டது. கட்டிலருகில் நேற்று அத்தை கொண்டுவந்து வைத்த நான்கு இளநீர்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். தராசு வாங்கக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்.


மருத்துவ சமூகப் பணியாளர்

இரண்டையும் ஒன்றாகவே செய்யுங்கள் சகோதரரே. ஸ்டான்லியில் கருத்துக் கேட்பதற்கு இ.எஸ்.ஐ. பதிவு முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. புறநோயாளிப் பிரிவுக்குக் காலை ஏழரைக்கே போய்விடுங்கள். ஸ்கேன் படங்களின் சி.டி.யை மட்டும் நம்பாமல் ஃபிலிமையும் அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள். அறுவை சிகிச்சை செய்யலாம் என்று அவர்கள் எழுத்தில் தந்துவிட்டால், அந்தத் தாளையே அயனாவரத்தில் காட்டலாம். தம்பியை அழைத்துப் போகும் நாளில் அந்த உப்புக் கரைசலை ஒரு பாட்டிலில் கையோடு கொண்டு போங்கள். வரிசை நீளமாக இருக்கும்.